வலது பக்கம் கொஞ்சம் சிவப்பு

டிசம்பர் 9, திங்கள்

ஹாலின் வடக்குச் சுவரில் இரண்டு சதுரங்கள். ஒவ்வொன்றும் விரித்த செய்தித்தாள் அளவு. இடது சதுரத்துக்கு ஷேட் கார்டில் ஏதோ பலகாரத்தின் பெயர். வலதுக்கு ஏதோ பாலைவனத்தின் பெயர். நான் இடதைக் கோதுமை என்றும் வலதை மணல் என்றும் வைத்துக்கொண்டேன். இரண்டும் பால் கூடிப்போன டீயின் நிறம். அவ்வளவுதான்.

அம்மாவிடம் அவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது. இருபத்தாறு வருடமாக ஒரு சாயப்பட்டறையில் ஷேட் பார்க்கிறாள். வெளிநாட்டிலிருந்து வந்த துணித்துண்டும் பட்டறையில் சாயமேறிய துணியும் ஒரே நிறம்தானா என்று சொல்வது அவள் வேலை. வசந்தாமணி சரி என்றால் லாரி கிளம்பும். இல்லை என்றால் துணி மறுபடி சாயத்துக்குப் போகும். திருப்பூரில் அந்தத் தெருவில் அவள் கண்ணுக்கு ஒரு பெயர் உண்டு.

கோதுமை மஞ்சள் சாய்ந்தது, மணல் சிவப்பு சாய்ந்தது என்றாள். எனக்கு இரண்டும் சுவர் மேல் சாய்ந்திருந்தன.

பெயின்டர் ஆறுச்சாமி அண்ணன் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே எது என்று கேட்டார். பொங்கலுக்குள் முடிக்க வேண்டுமானால் நாளைக்கே சொல்ல வேண்டுமாம். அம்மா ஒரு வாரமாவது பார்க்க வேண்டும் என்றாள்.

"கட்டிக்கப்போற மாப்பிள்ளையக்கூட இத்தன தடவ பாக்க மாட்டாங்க்கா."

"மாப்பிள்ளைய வேணும்னா மாத்திக்கலாம். செவுத்த பத்து வருசத்துக்கு மாத்த முடியாது."

பெயின்ட் வேலைக்காக இரண்டு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறாள். அப்பா இறந்தபோது எடுத்தது பதினோரு நாள்.

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் பிப்ரவரிக்குள் போக வேண்டும். தலைப்பு, நவீன கவிதையில் பார்த்தல். இதுவரை நான்கு பக்கம்.

டிசம்பர் 10

காய்ந்ததும் நிறம் இறங்கிவிட்டதாம். மறுபடி அடிக்க வேண்டுமாம்.

டிசம்பர் 12

மூன்றாவது பூச்சு. ஆறுச்சாமி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

அம்மா காலையில் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னாள். பிறகு மூடச் சொன்னாள். பிறகு ஹால் விளக்கில் வெளிச்சம் பத்தவில்லை என்று கடைக்கு அனுப்பினாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது பல்பு. இப்போது ஹால் நகைக்கடை மாதிரி இருக்கிறது. இன்னும் பத்தவில்லை என்கிறாள்.

நான் போட்டிருந்த சுடிதாரைத் தொட்டு, இந்தச் சந்தனக் கலர் உனக்கு நன்றாக இருக்கிறது என்றாள். அது வெள்ளை. திருத்தவில்லை. திருத்தினால் அரை மணி நேரம் போகும்.

அவளுக்கு வேலையில் இரண்டு விதிகள். மூன்று நொடிக்கு மேல் ஒரு நிறத்தைப் பார்க்கக் கூடாது. வேறெங்காவது பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். இரண்டாவது, ஞாபகத்தை வைத்து ஷேட் பார்க்கவே கூடாது. பக்கத்தில் துண்டு இருக்க வேண்டும். என் பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டிய பட்டுப்புடவைக்குப் பொருந்தும் ரவிக்கைத் துணி வாங்கப் போனபோது புடவையின் ஓரத்திலிருந்து ஒரு நகம் அளவு வெட்டி எடுத்து வந்தவள்.

இரண்டாவது விதி எனக்குப் பிடிக்கும். இயலில் எங்காவது பயன்படுத்தலாம்.

டிசம்பர் 14

வீட்டில் வெள்ளைத் துணியே இல்லாமல் போய்விட்டது. துண்டு, பாவாடை, தலையணை உறை எல்லாம் வெளிறிய நீலம். தீபாவளியிலிருந்தே அம்மா துவைக்கும்போது சொட்டு நீலத்தை அளவில்லாமல் ஊற்றுகிறாள். கேட்டால் துணியெல்லாம் பழுப்பேறிக் கிடக்கிறது என்பாள். எனவே கேட்கவில்லை.

மத்தியானம் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது சுவரின் முன்னால் நின்று கூப்பிட்டாள்.

"நான் சொல்றேன். நீ சரியான்னு மட்டும் பாரு. வலது பக்கம் கொஞ்சம் சிவப்பு. சரியா?"

"சரி."

"எடது மஞ்சள்."

"சரிம்மா."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி. சுவருக்காக ஒருவர் இவ்வளவு நிம்மதியடைய முடியும் என்பது தனியாக எழுதப்பட வேண்டியது.

டிசம்பர் 15

காலை ஏழு மணி. சரியா? சரி. மத்தியானம் ஒன்று. சரியா? சரி. மாலை ஐந்து. சரியா? சரி.

ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன்.

டிசம்பர் 17

மாலையில் காய் வாங்க வண்டியை நான்தான் எடுக்க வேண்டும் என்றாள். ஆறு மணிக்கு மேல் ஓட்டுவதில்லையாம். மார்கழிப் பனி. பனி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். இல்லை. பின்னால் உட்கார்ந்து வரும்போது தெருவிளக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இப்பெல்லாம் லைட்டுக்கெல்லாம் தாடி மொளச்சுருக்குது."

அழகான வரி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் குறித்துவைத்தேன்.

ரசத்தில் உப்பு இரண்டு முறை. சட்டைப் பொத்தான் தைக்கக் கொடுத்தேன். ஊசியில் நூலைக் கோத்துக் கொடு, கை எண்ணெயாக இருக்கிறது என்றாள். கை எண்ணெயாக இல்லை. எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும் இவளுக்கு.

சுவர் கேள்வி ஆறு முறை. இப்போதெல்லாம் தலையைத் தூக்காமலே சொல்கிறேன். ஒருமுறை அவள் மாற்றிக் கேட்டாள், எது சிவப்பு, நீ சொல்லு என்று. வலது என்றேன். அவள் ஏற்கெனவே நூறு முறை சொன்னதுதானே.

டிசம்பர் 19

ஆறுச்சாமி அண்ணன் வந்தார். மூன்று நாளாக வேறு வேலையை விட்டுவிட்டுக் காத்திருக்கிறாராம். அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் சுவரின் அருகே போய், அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தபடி, வித்தியாசம் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டார்.

"ஏன் தெரியாம? எடது நல்ல மஞ்சள்."

அவர் என்னமோ சொல்ல வந்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சரிங்க்கா, நீங்க சொன்னா சரி என்று போய்விட்டார். போகும்போது வாசலில் என்னிடம் பல்லைக் காட்டினார். சிரிப்பா தெரியவில்லை.

டிசம்பர் 23, திங்கள்

அம்மா வேலைக்குப் போய்விட்டாள். விடுப்பு முடிந்தது. காலையில் தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட புடவை கட்டி, கடைசியாக ஒருமுறை சுவரின் முன் நின்றாள்.

"வலது."

"வலதுதாம்மா."

கதவைச் சாத்திவிட்டுப் போகும்போது பாடினாள் போலிருந்தது. வீடு அமைதி. மூன்று பக்கம் எழுதினேன்.

டிசம்பர் 25

இன்னும் இரண்டு பக்கம். ஆறுச்சாமி அண்ணன் போனில் கேட்டார், எந்தக் கலர் என்று. அம்மாவைக் கேளுங்கள் என்றேன். அம்மாவைக் கேட்டால் உங்களைக் கேட்கச் சொல்கிறார் என்றார். மூன்று பேரும் சேர்ந்து ஒரு டீயின் நிறத்தைத் தீர்மானிக்க முடியவில்லை.

டிசம்பர் 27

பதினொரு மணிக்கே வந்துவிட்டாள். டிபன் பாக்ஸ் திறக்கப்படவில்லை. தலைவலி என்றாள். படுத்தாள். சுவரைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 28

மரகதம் அக்கா வந்தார். அம்மாவோடு பட்டறை லேபில் வேலை பார்ப்பவர். அம்மா தூங்குகிறாள் என்றேன். தெரிந்துதான் இந்த நேரத்துக்கு வந்தேன் என்றார். வாசற்படியிலேயே நின்று பேசினார்.

நவம்பரில் ஒரு லாட் துணியின் ஷேட் தவறிவிட்டதாம். முதலாளி அம்மாவைக் கூப்பிட்டு, கண்ணைக் காட்டி டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தால் போதும் என்று அனுப்பினாராம். பெயின்டுக்கான விடுப்பு அதுதான். திங்கட்கிழமை வந்து கண்ணெல்லாம் நன்றாக இருக்கிறது என்றாளாம். கடிதத்தைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

"நாங்கெல்லாம் அவுங்ககிட்ட வேல கத்தவங்க. எப்பிடிம்மணி கேக்கறது?"

செவ்வாய்க்கிழமை ஒரு லாட்டைச் சரி என்று அனுப்பியிருக்கிறாள். உடம்புத் துணி தனி, கழுத்துப் பட்டித் துணி தனி. இரண்டும் தனித்தனியாகச் சாயமேறும். ஒன்றாக இருக்க வேண்டும். தைத்த பிறகுதான் யாரோ தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். நாலாயிரம் சட்டை. சட்டை ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம்.

கண்ணில் கோளாறு என்றால் முதலாளி பொறுத்துக்கொள்வார். கண் நன்றாக இருக்கிறது என்று அவளே சொல்லிவிட்டதால் இப்போது அது அலட்சியம் என்று ஆகிவிட்டது. இப்போதைக்குப் பொங்கல் வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், பொங்கல் கழித்தும் வர வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறார்கள். அதற்குள் எதாவது செய் என்றார். பிளாஸ்டிக் கவரில் இரண்டு துண்டுத் துணி கொடுத்துவிட்டுப் போனார்.

வெயிலில் வைத்துப் பார்த்தேன். எனக்கே தெரிந்தது. ஒன்று இளஞ்சிவப்பு ஓடிய மணல். இன்னொன்று பச்சையோடிய மஞ்சள்.

எனக்கே.

டிசம்பர் 29

ஆறுச்சாமி அண்ணனை வரச்சொன்னேன். எதாவது ஒன்றை அடித்து முடித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அவர் ஹாலுக்குள் வராமல் வெளியிலேயே நின்றார்.

"ஒண்ணு சொன்னா அக்காகிட்ட சொல்ல மாட்டீங்களே."

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, மூன்றாவது பூச்சுக்கு, கோதுமை சாம்பிள் டப்பா காலி. மறுபடி கலக்கக் கடைக்குப் போக அலுப்பு. இரண்டு சதுரத்திலும் மணலையே அடித்துவிட்டார். அக்கா பார்த்த நொடியே பிடித்துவிடுவார், திட்டு வாங்கிக்கொண்டு கடைக்குப் போகலாம் என்று நினைத்தாராம். அக்கா பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு சொல்லப் பயமாகிவிட்டது.

"திட்டுவாங்கன்னு இல்லீங். திட்டலையேன்னுதான்."

பதினேழு நாள். ஒரே டப்பா. அவள் சுவரைப் பார்க்கவில்லை. முதல் நாளை நினைவில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். நான் சுவரையும் பார்க்கவில்லை.

இந்த நாட்குறிப்பைத் திரும்பப் புரட்டினேன். பல்பு. சுடிதார். நீலம். தாடி. எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

டிசம்பர் 30

டாக்டரிடம் போகலாம் என்றேன். எதற்கு என்றாள். மரகதம் அக்கா வந்ததைச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

ஷேட் பார்க்கும் லைட் பாக்ஸில் பல்பை மாற்றியிருப்பார்கள் என்றாள். பழைய பல்பு மஞ்சளாக எரியும், அதில் யார் பார்த்தாலும் தப்பும் என்றாள். மரகதத்துக்கு ரொம்ப நாளாகவே அந்த நாற்காலி மேல் கண் என்றாள். அது உண்மையில்லை என்று அவளுக்கும் தெரியும்.

"என்ற கண்ணுக்கு என்னடி? ரெண்டு வாரமா வீட்ல பாத்தனே. ஒரு தடவை தப்பாச் சொன்னனா? நீயே சாட்சி."

நான் அரிசியைப் பார்த்தேன்.

"சொல்லுடி. ஒரு தடவை?"

இல்லை என்றேன்.

அப்போது சொல்லியிருக்கலாம்.

சர்க்கரைக்கு மாத்திரை மாற்ற வேண்டும், அப்படியே படிக்கிற கண்ணாடியும் வாங்கிவிடலாம் என்று வேறு வழியில் போனேன். படிக்கிற கண்ணாடி என்றால் சரி என்றாள். அதில் அவமானம் ஒன்றும் இல்லையாம்.

ஜனவரி 2

கண் மருத்துவமனை. மூன்று மணி நேரம். சொட்டு மருந்து, காத்திருப்பு, சொட்டு மருந்து. டாக்டர் இளைஞர். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருக்கிறது என்றார். சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் வந்திருக்கிறது. பழுப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருந்திருக்கும், மெதுவாக வருவதால் தெரிந்திருக்காது, வீட்டில் இருப்பவர்கள்தான் கவனித்திருக்க வேண்டும் என்றார்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார்.

"துணிக் கம்பெனிங்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஜனவரி 4

அம்மா இரண்டு வேளை சமைத்தாள், இரண்டு வேளையும் உப்பில்லை. வேண்டுமென்றே இருக்கலாம்.

ஜனவரி 6

அத்தை போனில் சொல்கிறார், மார்கழியில் ஆபரேஷன் எதற்கு, தை பிறக்கட்டும் என்று. தை பிறந்தால் வேலை இருக்காது என்பதை அத்தையிடம் சொல்ல முடியாது. டாக்டர் எட்டாம் தேதியை விட்டால் வேறு இல்லை என்கிறார் என்று பொய் சொன்னேன். இந்த வீட்டில் பொய் சொல்வது எனக்கு எளிதாகிவிட்டது.

ஆறுச்சாமி அண்ணன் இரண்டு அறையின் கதவு ஜன்னலை மட்டும் முடித்துவிட்டார். ஹாலைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வேலை செய்கிறார்.

ஜனவரி 8

வலது கண். இருபது நிமிடம். உள்ளே போகும்போது வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். என் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பையைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றாள்.

ஜனவரி 9

காலையில் கட்டுப் பிரித்தார்கள். அம்மா நர்ஸின் உடுப்பைப் பார்த்தாள். பிறகு சுவர். பிறகு தன் உள்ளங்கை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். ஆட்டோவில் அதைத் தூக்கித் தூக்கி வெளியே பார்த்தபடி வந்தாள். எத்தனை முறை சொல்வது.

கேட்டைத் திறந்ததும் கொடியில் துணி.

"ஏண்டி துணியெல்லாம் இப்பிடி நீலமாக் கெடக்குது?"

நீதாம்மா போட்டே என்றேன்.

"எத்தன நாளா?"

தீபாவளியிலிருந்து.

"அத்தன நாளாப் பாத்துட்டுக் கம்முன்னா இருந்தே?"

உள்ளே போனாள். நேராக வடக்குச் சுவர். கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். மூன்று நொடி. ஜன்னல் பக்கம் திரும்பினாள். மறுபடி மூன்று நொடி. கிட்டே போனாள். இரண்டு சதுரத்துக்கும் நடுவில் விரலை வைத்தாள்.

"இது ரெண்டும் ஒரே டப்பா."

ஆமாம் என்றேன். ஆறுச்சாமி அண்ணன் செய்ததைச் சொன்னேன். பன்னிரண்டாம் தேதி என்றேன். அவள் கையை எடுக்காமல் நின்றாள். ஒற்றைக் கண், லேசாகச் சிவந்து, நேராக என்னைப் பார்த்தது.

"அப்ப நீ வலதுன்னு சொன்னது?"

"பாக்காமச் சொன்னேன்."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது முடிந்திருக்கும். அவள் சோபாவில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியலடி. மொத நாளே தெரியல, கார்டுல இருந்த பேர வெச்சுத்தான் சொன்னேன். நீ சரி சரின்னு சொல்லச் சொல்ல, தெரியுதுன்னு நெனச்சுட்டேன். அத நம்பித்தான் போனேன்."

பிறகு மரகதம் கொடுத்த துண்டுகள் எங்கே என்றாள். இந்த நோட்டுக்குள்தான் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். நல்ல கண்ணை மூடினாள். திறந்தாள். மூடினாள். எத்தனை முறை என்று எண்ணவில்லை.

"இதையா," என்றாள்.

ஜனவரி 10

முதலாளிக்கு அவளே போன் செய்தாள். நான் சொட்டு மருந்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"வசந்தாமணிங். அந்த லாட்டு எனக்குத் தெரியாமத்தானுங் பாஸ் பண்ணுனேன். ரெண்டும் ஒண்ணாட்டந்தான் தெரிஞ்சுது. கண்ணக் காட்டாமக் காட்டுனேன்னு பொய் சொன்னேன். அலட்சியமில்லீங். பயம்."

அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேசினார்கள். சரிங் என்றாள். சரிங். வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டிருக்க வேண்டும். அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"புள்ள படிச்சுட்டிருந்துதுங். நாந்தான் சொல்லல."

வைத்துவிட்டாள். இரண்டாவது கண்ணையும் முடித்துக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றாராம். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றுதான் அர்த்தம் என்றாள். தலையைச் சாய்த்தாள். மூன்று சொட்டு. டாக்டர் சொன்னது ஒன்று.

ஜனவரி 11

ஆறுச்சாமி அண்ணன் கோதுமை டப்பாவோடு வந்தார். அம்மா அவரை உட்காரவைத்து அரை மணி நேரம் திட்டினாள். அவர் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது இடது சதுரத்தில் கோதுமை, புதிதாக.

ஹால் எந்த நிறம் என்று கேட்டேன். இரண்டாவது கண் பிப்ரவரியில், அதற்குப் பிறகுதான் என்றாள். அரைக் கண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்க மாட்டாளாம். பொங்கலுக்கு வருகிறவர்கள் எல்லாம் சுவரில் இருக்கும் இரண்டு திட்டையும் பார்த்துவிட்டு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அத்தை ரோஸ் கலர் என்பார். எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

ஜனவரி 13, போகி

பழைய பல்புகள், உடைந்த முறம், சாம்பிள் டப்பாக்கள் எல்லாம் வெளியே போயின. நீலத் துணிகளை இரண்டு முறை துவைத்தேன். போகவில்லை.

மூன்றாம் இயலில் எழுதிய ஒன்பது பக்கத்தையும் எடுத்துவிட்டேன். எரிக்கவில்லை. மேஜையின் அடி இழுப்பறை.

காலையில் அம்மா சமையலறையிலிருந்தே கேட்டாள், எதுடி சிவப்பு என்று. எழுதிக்கொண்டிருந்தேன். வலது என்று வாய்வரை வந்தது.

பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். மூன்று நொடி. ஜன்னல். மறுபடி மூன்று நொடி.

"தெரியலம்மா. வெயில் வரட்டும்."

"சரி," என்றாள். "வரட்டும்."